இடது காலுக்கு மட்டும் ஷூ

முதலில் ஷூவைக் கவிழ்த்துத் தரையில் தட்டுவாள். ஒன்றும் விழாது. மறுபடியும் தட்டுவாள். ஒரு வருடம் அதற்குள்ளிருந்து பூரான் விழுந்தது; அன்றிலிருந்து வெறும் ஷூவையும் நம்புவதில்லை. பிறகு இடது காலை உள்ளே நுழைத்து, கயிற்றை இறுக்கி, இரட்டை முடிச்சுப் போடுவாள். வலது காலுக்குப் பழைய ரப்பர் செருப்பு. ஷூவுக்கு ஒரு காலத்தில் ஜோடி இருந்தது. வலது கால் ஷூவைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. "நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கு, எந்தக் காலை விட்டு வைக்கணும்னு" என்பாள் முருகலட்சுமி.

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கினால் பாலவனத்தத்தில் வீட்டுக்கு வீடு கொல்லையைச் சுத்தம் செய்வார்கள். கோடை முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. இரண்டு தூறலுக்கே சாரணையும் நெருஞ்சியும் படர்ந்துவிடும். வேலியோரம் சீமைக்கருவேலங்கன்று முழங்கால் உயரம் நிற்கும். தண்ணீர் போகிற வாய்க்காலில் வேப்பஞ்சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடக்கும். பெருமழைக்கு முன்னால் எடுக்காவிட்டால் தண்ணீர் அடுப்படிக்குள் வரும். தண்ணீரோடு பாம்பும் வரும். அதனால் வருடம் முழுக்க வண்டியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தூக்குவார்கள். திங்கட்கிழமை முருகலட்சுமியைத் தேடி வருவார்கள்.

அவள் வேலை பார்ப்பது விருதுநகர் சாலையில் இருக்கிற பெட்ரோல் பங்கில். சேலைக்கு மேல் நீலச் சட்டை, தோளில் குறுக்காகப் பணப்பை, கையில் குழாய். பைக்கிலிருந்து ஒருவர் இறங்குகிற விதத்திலேயே அவர் பெட்ரோலுக்கு வந்தாரா, மிதிக்கு வந்தாரா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். காலைத் தூக்கிப் போட முடியாமல், வண்டியையே சாய்த்து, ஒரு பக்கமாக வழிந்து இறங்கினால் மிதிதான். "டேங்க்க நெப்பவா, இல்ல ஒரு மிதி மட்டும் போதுமா?" என்று கேட்பாள்.

முருகலட்சுமி காலால் பிறந்தவள். பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர் இடது காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று இந்தப் பக்கத்தில் நம்புகிறார்கள். சுளுக்கு என்று வந்தால் அவள் சேர்ப்பதில்லை. அதற்கு இரட்டைப் பிள்ளை பெற்றவள் தடவ வேண்டும். மேலத்தெருவில் ஆள் இருக்கிறது. "அது வேற டிபார்ட்மெண்டு. நான் இடுப்பு மட்டும்தான்" என்று திருப்பி அனுப்புவாள். கால் மரத்துப் போகிறது என்றோ, வலி தொடை வழியாக இறங்குகிறது என்றோ சொன்னால் காலைத் தூக்கவே மாட்டாள். "இது என் லெவலு இல்ல. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவுக படம் பிடிச்சுப் பாப்பாக. எங்கால்ல எக்ஸ்ரே கெடையாது."

மிதிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. வந்தவர் வாசற்படியில் குப்புறப் படுக்க வேண்டும். ஒரு மனிதர் மேல் கால் படுவது தப்பு என்பதால் முருகலட்சுமி முதலில் குனிந்து அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இடது காலை இடுப்பில் வைத்து மூன்று முறை அழுத்துவாள். முடிந்ததும் மறுபடியும் தொட்டுக் கும்பிடுவாள். "நான் கோயில்ல கும்பிட்டதவிட ஊரு முதுகுல கும்பிட்டதுதான் சாஸ்தி" என்பது அவளுடைய கணக்கு. கூலி வாங்கினால் காலுக்குச் சக்தி போய்விடும் என்பதால் காசு கிடையாது. ஒரு பொட்டலம் காரச்சேவு மட்டும் வாங்கிக்கொள்வாள்; சேவினால் சக்தி போவதாக யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், புறப்படும்போது சொல்கிற சொல். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வெறுமனே "போறேன்" என்றால் பெரியவர்கள் வாயில் அடிப்பார்கள். முருகலட்சுமி வீட்டில் அது தலைகீழ். இங்கே "வாரேன்" சொல்லக் கூடாது. சொன்னால் பிடிப்பும் கூடவே வந்துவிடும். "போறேன்" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். "எங்க வீடு ஒண்ணுலதான் வாரவுகளுக்குக் காலால வரவேற்பு, போறவுகளுக்குத் திரும்பி வராதீகன்னு வழியனுப்பு" என்பாள்.

தன்னைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பத்தாவதில் கணக்குப் போய்விட்டது. தையல் பழகப் போய் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டாள். "ஊருல எல்லாருக்கும் தலையெழுத்து. எனக்குக் காலெழுத்து" என்று சிரிப்பாள். ஒரே ஒரு முறை, பங்கில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் சிரிக்காமல் ஒன்று சொன்னாள்: "நான் லீவு போட்டா பெட்ரோல் போட வேற ஆளு நிக்கும். சமைக்க எம்புருசனே சமைப்பாரு. மிதிக்க மட்டுந்தான் எனக்குப் பதிலு ஆளு இல்ல." சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்பதுபோல் குழாயை எடுத்துத் துடைத்தாள்.

அதனால் வந்ததுதான் அவளுடைய பயமும். அவளுக்கே இடுப்புப் பிடித்தால் யார் மிதிப்பது? "எங்காலு என் முதுகுக்கு எட்டுமா? சர்க்கஸ்ல சேந்திருந்தா எட்டியிருக்கும்." ஆகவே, பாலவனத்தத்திலேயே இவ்வளவு பயந்து பயந்து புல் பிடுங்குகிற ஆள் வேறு கிடையாது.

முந்தின நாள் சாயங்காலமே கொல்லையில் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவாள். மண் இளகினால் செடி தானாக வரும், மல்லுக்கட்ட வேண்டாம். காலையில் கணவன் முத்துராஜின் பழைய கைலியை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். பங்கில் காலியான ஆயில் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் களை எடுப்பாள். குனிவது என்கிற பேச்சே இல்லை. கை எட்டுகிற வட்டம் முடிந்ததும் எழுந்து, வாளியைக் காலால் நகர்த்தி, மறுபடி உட்காருவாள். தும்மல் வந்தால் போட்டது போட்டபடி எழுந்து, சுவரைப் பிடித்து, நிமிர்ந்து நின்று தும்முவாள். குப்பையை அரைக் கூடைக்கு மேல் நிரப்ப மாட்டாள். கருவேலங்கன்றை முதலில் கவைக்கம்பால் அமுக்கிக்கொண்டு அப்புறம் அரிவாளைப் போடுவாள். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே எட்டிப் பார்க்கும். அது இடது காலில் ஏறினால் ஊரே ஒரு மாதம் சாய்ந்து நடக்க வேண்டியதுதான். ஷூ வந்த கதை அது.

முத்துராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவன். மூட்டையை முதுகில் போட்டு இறக்குகிறவன். மனைவி வாளியோடு நகர்வதைப் பார்த்துவிட்டு, "கொல்லைய நீ முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஐப்பசி வந்துரும்" என்பான்.

"வரட்டும். அதுக்கும் இதே வாளிதான்."

"உன்னையக் கட்டுனப்பவே உங்க அம்மா சொன்னாக, பிள்ளை கொஞ்சம் மெதுவுன்னு. நான் கொணத்தச் சொல்றாகன்னு நெனச்சுட்டேன்."

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திருச்சுழியிலிருந்து அக்கா அமுதவள்ளி பலகாரத் தூக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முருகலட்சுமிக்கு வெகுவாக மூத்தவள், பேரன் எடுத்துவிட்டவள். கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு தங்கை வேலை செய்வதைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள், கைலியைப் பார்த்தாள், கடைசியில் ஷூவைப் பார்த்தாள்.

"என்னடி இது, ஒத்தைக் காலுல?"

"இதுதான்க்கா நம்ம மொதலு. முள்ளுக்கிள்ளு ஏறிரக் கூடாதுல்ல. வலது காலு போனாப் போகட்டும், அது சும்மா நடக்கிறதுக்கு."

அமுதவள்ளி சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தூக்கின் மூடியைத் திறந்து, பார்த்து, மறுபடி மூடினாள்.

"முருகு, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"நீ காலால பொறக்கலடி. நான்தான்."

முருகலட்சுமி ஒரு கையில் சாரணைக் கொடியோடு திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னாக. அவுக போயும் மூணு தீவாளி ஆச்சு. இனியும் எத்தனை நாளைக்கு நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்க?" அமுதவள்ளி படியிலிருந்து ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள். "நம்ம பழைய ஊர்ல சின்னப்பிள்ளையில நான்தான் மிதிச்சேன். நான் பெரிய மனுசியான பெறகும் ஆம்பளைக வந்து வாசல்ல படுக்கவும், அய்யா சத்தம் போட்டாக. கல்யாணம் கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளை, கண்டவன் முதுகுல காலை வைக்கிறதான்னு. அப்புறந்தான் இந்த ஊருக்குக் குடி வந்தோம். வந்த புதுசுல பக்கத்து வீட்டு மதினிக்கு இடுப்புப் பிடிச்சிருச்சு. அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? 'எங்க வீட்டுல காலால பொறந்த பிள்ளை இருக்கு'ன்னுட்டாக. சொன்ன பெறகுதான் அய்யா முகத்தப் பாத்தாக. நீ ஓரமா உக்காந்து பழைய சோறு தின்னுக்கிட்டிருந்த. கைய உம்பக்கம் காட்டிட்டாக."

"என்னையவா?"

"நீ சோத்துக் கையோட எந்திரிச்சுப் போயி மிதிச்ச. அந்த மதினிக்கு விட்டுருச்சு. அம்புட்டுதான்."

"அப்ப நான் எப்படிப் பொறந்தேன்?"

"சாதாரணமாத்தான். தலையால. வலியே தெரியலன்னு அம்மா சொல்வாக."

முருகலட்சுமி வாளியில் உட்கார்ந்தபடியே இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி ஷூவைப் பார்த்தாள். இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. ஊரில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் அக்காவின் பாவாடை சட்டை மாதிரி, அக்காவிடமிருந்து இறங்கி வந்ததுதானா?

"அப்ப எங்க பங்கு மேனேஜரு?" என்றாள் மெதுவாக.

"அவரையும் மிதிச்சியா?"

"மிதிச்சேன். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரு? அவரு டை கட்டிட்டு வந்து படுத்தாரு." கையிலிருந்த சாரணைக் கொடியைக் கீழே போட்டாள். "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மொத மாசம், எங்க மாமனாரு..."

"மாமனாரையுமா!"

"வீட்டுக்கு வந்த மருமகக்கா நான்! மாமனாரு முதுகுல காலை வச்சேன். மாமியா பக்கத்துல நின்னு, இன்னும் நல்லா அழுத்துன்னு சொல்றாக. காலால பொறந்தவங்கிற ஒரே தைரியத்துல வச்சேன். அப்ப நான் சும்மாவே மிதிச்சிருக்கேனா? ஒரு பாத்தியதையும் இல்லாம?"

சிரிப்பு அங்கேதான் தொடங்கியது. முதலில் மூக்கு வழியாக, பிறகு தோளில், பிறகு வயிற்றில். வாளியில் உட்கார்ந்தவாறே முன்னால் மடங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தும்மலுக்கு எழுந்து நிற்கப் பழகியவள், சிரிப்புக்கு எழுந்து நிற்கப் பழகியிருக்கவில்லை. மடங்கிய இடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"யக்கா."

"என்னடி?"

"பிடிச்சிருச்சு."

"எது?"

"இடுப்புத்தான். வேற எது? புல்லு பிடுங்கிப் பிடிக்கல, கல்லத் தூக்கிப் பிடிக்கல. சிரிச்சுப் பிடிச்சிருக்கு. வெளிய சொன்னா நாலு பேரு சிரிச்சு அவுகளுக்கும் பிடிச்சுக்கிரும்."

அமுதவள்ளி தங்கையைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொல்லைக் கதவுப் படியில் குப்புறப் படுக்க வைத்தாள். அசல் கால் பக்கத்திலேயே இருக்கும்போது என்ன பயம்? முதுகைத் தொட்டுக் கும்பிட்டாள். நிலையைப் பிடித்தாள். காலைத் தூக்கினாள், இறக்கினாள்.

"எத்தனை வருசமாச்சு. கூச்சமா இருக்குடி."

"எனக்கு உசுரு போகுது, உனக்குக் கூச்சமா? மிதிக்கா!"

மிதித்தாள். முட்டை மேல் நடப்பதுபோல் மூன்று முறை மிதித்தாள்.

"விட்டுருச்சா?"

முருகலட்சுமி கொஞ்சம் அசைந்து பார்த்தாள். "அசல் காலுங்கிற. கரண்டே வரலயே."

அப்போதுதான் முன்வாசலில் குரல் கேட்டது. "முருகு... ஏம்மா முருகு..." நீட்டி, மூச்சை விட்டு விட்டு, எதையோ பிடித்துக்கொண்டு கூப்பிடுகிற குரல். உரக்கடை சௌந்தரபாண்டியன். அந்தக் குரலை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். போன ஐப்பசியிலும் இதே சுருதியில்தான் கூப்பிட்டார்.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ போ" என்றாள் முருகலட்சுமி கிசுகிசுப்பாக. "நீதான உண்மையான ஆளு."

"ஆத்தி! ஆம்பளையையா? அதுக்குப் பயந்துதான அம்மா உன்னையக் காட்டுனாக!" அமுதவள்ளி பேரன் எடுத்தவள் என்பதையும் மறந்து முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டாள்.

முருகலட்சுமி நிலையைப் பிடித்து எழுந்தாள். முழுவதும் நிமிர முடியவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டது, இன்றைக்கு முடியாது என்று சொல்லலாம். ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நான் தலையால் பிறந்தவள் என்றே சொல்லிவிடலாம். அதற்கு அப்புறம் யாரும் பங்கில் ஒரு பக்கமாக வழிந்து இறங்கமாட்டார்கள், பெட்ரோல் போட்டுக்கொண்டு நேராகப் போவார்கள். சுவரைப் பிடித்தபடி முன்வாசலுக்கு வந்தபோது அவளுக்கு எதுவும் முடிவாகியிருக்கவில்லை. சௌந்தரபாண்டியன் யாரையும் கேட்காமல் வாசற்படியில் ஏற்கெனவே படுத்திருந்தார். பக்கத்தில் சேவுப் பொட்டலம்.

"அண்ணாச்சி, என்ன பண்ணீக?"

"ஒரு கருவேலந்தூரு. கையால பிடுங்கிப் பாத்தேன்."

"கையாலயா? தூரு வந்துச்சா?"

"அது வரல. நான்தான் வந்துட்டேன்." தலையை லேசாகத் திருப்பிப் பார்த்தார். "நீ என்னம்மா, குனிஞ்சு வார?"

"நீங்க பெரிய மனுசரு. மரியாதை குடுக்க வேண்டாமா?" என்றாள் முருகலட்சுமி. "போன வருசம் இதே வாசல்ல என்ன சொல்லிட்டுப் போனீக?"

"என்ன சொன்னேன்?"

"வாய் தவறி, போயிட்டு வாரேன்னீக. சொன்ன சொல்லு தப்பாம வந்துட்டீக."

அவர் சிரிக்கப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தார். "சிரிக்காதீக அண்ணாச்சி, அதுலயும் பிடிக்கும்" என்றாள் அவள்.

குனிந்து அவர் முதுகைத் தொட முடியவில்லை. நின்றபடியே காற்றில் ஒரு கும்பிடு போட்டாள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினாள். அவளுடைய இடுப்பு சுரீர் என்றது. வெடிப்பு விழுந்த குதிகால், மெட்டி தேய்ந்த விரல், முழங்கால்வரை கொல்லைப் புழுதி. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காலை என்னவென்று நினைப்பதென்று தெரியாமல் ஒருவர் மேல் வைத்தாள். வைத்ததும் கால் தானாகவே இறுகிய இடத்தைத் தேடிப் போய் நின்றது. அழுத்தினாள்.

"ஆங்... அங்கதான்... அங்கதாம்மா."

மூன்றாவது அழுத்தலுக்கு அவர் பெருமூச்சு விட்டார். மெல்லப் புரண்டு, உட்கார்ந்து, எழுந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். "விட்டுருச்சு முருகு! அப்படியே விட்டுருச்சு!" சேவுப் பொட்டலத்தைச் சன்னல் கட்டையில் வைத்தார். வாசலைத் தாண்டும்போது, "போயிட்டு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "போறேன், போறேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் நிமிர்ந்து நடந்தார். அவள் குனிந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அமுதவள்ளி வெளியே வந்து, தங்கையைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

கிழக்கே வானம் மழைக்கு நன்றாக இருட்டிவிட்டிருந்தது. வாய்க்கால் இன்னும் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. "நீள வெளக்குமாத்த எடு. நின்னுக்கிட்டே தள்ளி விட்டுர்றேன்" என்று முருகலட்சுமி வெறுங்காலோடு கொல்லையில் இறங்கப் போனாள். அமுதவள்ளி அவள் தோளைப் பிடித்து வாளியில் உட்கார வைத்தாள். ஷூவை எடுத்துக் கவிழ்த்துப் படியில் தட்டினாள்.

"இன்னொரு தட்டு தட்டு" என்றாள் முருகலட்சுமி.

அமுதவள்ளி இன்னொரு முறை தட்டினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கையின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, முந்தானையால் புழுதியைத் துடைத்து, ஷூவைப் போட்டு, கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள். மூத்தவள் மடியில் கால் பட்டதற்குத் தொட்டுக் கும்பிட முருகலட்சுமி கையை நீட்டினாள். இடுப்பு விடவில்லை, கை பாதியில் நின்றது. அமுதவள்ளி தலையைத் தாழ்த்தி அந்தக் கைக்குக் கீழே கொண்டுவந்து கொடுத்தாள்.